லூப்பஸ் கூடுதல் மருந்து ஆய்வு: தோட்டப்புறத்தில் நடக்கும் தவறுகள்

லூப்பஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊரிலிருந்து, பழைய மருந்தோடு புது மருந்தைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வில் சேர்பவர் செய்யும் முதல் தவறு, "புது மருந்துதான் வந்துவிட்டதே" என்று பழைய மாத்திரையை நிறுத்துவது. கூடுதல் மருந்து பழையதன் மேல்தான் சேர்கிறது. ஆய்வில் சிலருக்கு மருந்தில்லாப் போலி ஊசியே கிடைக்கும். அவர்களைக் காப்பது பழைய மருந்துகளே. அவற்றில் அடிப்படையானது ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. பொதுவாக அது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாது. 60 கிலோ எடையுள்ளவர் என்றால், 200 மில்லிகிராம் மாத்திரை ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு.

பெரிய தவறு சத்தமில்லாமல் நடக்கும். பால்மரம் சீவி முடித்ததும் விரல் மூட்டு வீங்குகிறது. பக்கத்துக் கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி, கடையில் டைக்ளோஃபெனாக் வலிமாத்திரை. வலி குறைந்தது எந்த மருந்தால் என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அனிஃப்ரோலுமாப் என்ற லூப்பஸ் மருந்தின் டியூலிப்-1 ஆய்வில், புதிதாக வலிமாத்திரை எடுத்தவர்கள், அதை முன்பே நிறுத்தியிருந்தாலும், பலன் பெறாதவர் கணக்கில் விழ வழியிருந்தது. இதில் நோயாளியைவிட விதியை எழுதியவர்கள்மேல்தான் குறை. விதியைத் திருத்திக் கணக்கிட்டும் அந்த ஆய்வின் முதன்மை அளவுகோலில் மருந்துக் குழுவுக்கும் போலி மருந்துக் குழுவுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. வேறு அளவுகோல் வைத்த டியூலிப்-2இல் 52ஆம் வாரம் 47.8 விழுக்காட்டினர் பலன் பெற்றார்கள்; போலி மருந்துக் குழுவில் 31.5. மருந்து 2021 ஜூலையில் அமெரிக்க அனுமதி பெற்றது. வெளியே எடுக்கும் மருந்து ஆய்வுக் கணக்கைக் குழப்பும் என்பதால், எந்த ஊசி, மாத்திரை, நாட்டு மருந்து எடுத்தாலும் பெயர், அளவு, தேதியை அன்றே எழுதி, ஆய்வு நர்ஸிடம் சொல்லுங்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகக் குறைப்பதும் ஆபத்து. நீண்ட நாள் எடுத்தவருக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிக் கிடக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு.

24 மணிநேரச் சிறுநீர்ச் சேகரிப்பில் தவறாத ஆளே இல்லை. காலை எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர்வரை அத்தனையும் கேனில். செம்பனைக் காட்டில் ஒருமுறை வெளியே போனாலும் கணக்கு கெட்டது. நாளுக்கு அரை கிராம் புரதம் தாண்டினால் லூப்பஸின் தீவிரத்தை அளக்கும் ஸ்லெடாய் அளவுகோலில் 4 புள்ளி. சேகரிப்பு குறைந்தால் சிறுநீரகப் பாதிப்பு கணக்கில் தெரியாமல் போய்விடும்.

காய்ச்சல் வந்தால் லூப்பஸ்தான் என்று முடிவு கட்டாதீர்கள். டெங்கியிலும் எலிக்காய்ச்சலிலும் மூட்டு, தசை வலிக்கும், பிளேட்லெட் இறங்கும். தொற்றால் வந்த காய்ச்சலுக்கு ஸ்லெடாயில் புள்ளி கிடையாது. அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ஆய்வு அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.