மஞ்சளான பழைய கொம்பியூட்டர் பெட்டியை வெயிலில் வெளுப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் பழைய கொம்பியூட்டர் என்றால் பெரும்பாலும் 2002 இல் ஏ9 பாதை திறந்த காலத்தையொட்டி வீடுகளுக்கும் ரியூசன் கொட்டில்களுக்கும் வந்து சேர்ந்த பீஜ் நிற டவர்தான். இப்போது அது சாமான் அறையில் மஞ்சளாகிப்போய்க் கிடக்கும். வெளிநாட்டு மாமா ஒருவர் சூட்கேசில் கொமடோர் 64, அமிகா 500 மாதிரிப் பழைய வீட்டுக் கொம்பியூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தாலும் செய்முறை இதேதான். இதற்கு வேண்டிய பெரிய சாமான் வெயில், அது எங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. வேலையைக் கெடுப்பதும் அதே வெயில்தான், அதைப் பூசும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் கழுவிப் பாருங்கள். பாதி மஞ்சள் வெறும் அழுக்காகவும் சுருட்டுப் புகையாகவும் இருக்கலாம். பாத்திரம் கழுவுகிற திரவமும் மெல்லிய பஞ்சும் காணும், வெள்ளி மினுக்குகிற கம்பிப் பஞ்சைத் தொடவே வேண்டாம், கீறல் விழுந்தால் அதற்கு மருந்தில்லை. கழுவிக் காய்ந்த பிறகும் மஞ்சள் நின்றால், மூடியைக் கழற்றி உட்பக்கத்தையும் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்த இடத்தையும் பாருங்கள். அங்கே தெரிகிற நிறம்தான் பெட்டியின் பிறவி நிறம், நீங்கள் போய்ச் சேரவேண்டிய இடம் அது. அதைவிட வெள்ளையாக்க நினைத்தால் கெட்டுவிடும்.

இது ஏன் இப்படி ஆகிறது? இந்தப் பெட்டிகள் ஏபிஎஸ் என்கிற பிளாஸ்ரிக்கால் ஆனவை. நெருப்புப் பிடிக்காமலிருக்க அதில் புரோமின் சேர்ந்த பொருள்களைக் கலப்பார்கள். வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிரும் சூடும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அந்தப் பொருளையும் பிளாஸ்ரிக்கையும் மெல்ல மெல்ல மாற்றுகின்றன. ஒரே பெட்டியில் முன்முகம் மஞ்சளாகி, டிஸ்க் போடுகிற இடத்து மூடி மட்டும் பழையபடி இருப்பதற்குக் காரணம் இரண்டின் கலவையும் வேறு என்பதுதான். 2008 அளவில் பழைய கொம்பியூட்டர் பித்துப் பிடித்த ஆட்கள் ஹைட்ரஜன் பெரொக்சைட்டையும் ஊதாக்கடந்த கதிரையும் சேர்த்து இந்த மஞ்சளை எடுக்கலாம் என்று காட்டினார்கள். ரெட்ரோபிரைட் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள்.

சரி, கழற்றுவோம். பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளைப் பெட்டியை அப்படியே எடுத்து ஒதுக்கி வையுங்கள், திறக்காதீர்கள். பெரிய கண்ணாடிக் குழாய் மொனிற்றர் என்றால் முதல்முறை செய்கிறவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கி நிற்கும், பெட்டி வெளுப்பதற்காக உயிரைக் கொடுக்கத் தேவையில்லை. டவரின் முன்முகமோ ஒரு கீபோட்டோ தொடங்குவதற்குத் தோதானது. பழைய ஏபிஎஸ் நொறுங்கிப்போய் இருக்கும், கொளுவிகளை அவசரப்பட்டு நெம்பினால் டக்கென்று முறியும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இரும்பு ஸ்குரூ, ஸ்பிரிங், தகடு எல்லாம் வெளியே வரவேண்டும், பெரொக்சைட் பட்டால் துருப்பிடிக்கும், மருந்தும் வீணாகும். ஸ்ரிக்கரை ஹெயார் டிரையர் சூட்டில் மெதுவாக உரித்து எண்ணெய்த்தாளில் ஒட்டி வைக்கலாம்.

வெளுக்கிற மருந்தைக் கடையில் வாங்கலாம். தலைமுடிக்குச் சாயம் போடுகிறவர்கள் பாவிக்கிற வெள்ளை கிரீம் டெவலப்பர்தான் அது, அதில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட். போத்தலில் 20 வொலியூம் என்றிருந்தால் பெரொக்சைட் 6 வீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. அழகுசாதனச் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். எல்லாரும் 40 ஐத்தான் தேடுவார்கள், எங்கள் வெயிலுக்கு 20 அல்லது 30 போதும் என்பது என் எண்ணம், கொஞ்சம் நேரம் கூடப் போகும், ஆனால் கை மீறாது. கூடவே பெயின்ற் பிரஷ், ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடுகிற கண்ணாடி, சாப்பாட்டுக் கோப்பையை மூடுகிற ஒட்டும் கிளிங் பிலிம். லஞ்ச் சீற் சரிவராது, அது ஒட்டிக் கிடக்காது. மருந்து தோலில் பட்டால் வெள்ளையாகி எரியும், உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதுதான்.

இனிப் பூசுவது. முதலில் உட்பக்கத்து மூலையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். அச்சடித்த எழுத்தோ லோகோவோ இருந்தால் அதைச் சுற்றிக் கவனம். பிறகு கிரீமைத் தாராளமாக, எல்லா இடமும் ஒரே தடிப்பில் வருகிற மாதிரிப் பூசி, காற்றுக் குமிழ் இல்லாமல் பிலிமால் சுற்றுங்கள். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவது: கிரீம் ஓரிடத்தில் காய்ந்து இன்னோரிடத்தில் ஈரமாக இருந்தால் பெட்டியில் வரிவரியாக, தேமல் மாதிரி வெள்ளை விழுந்துவிடும், அதைப் பிறகு சரிப்படுத்துவது பெரும்பாடு. மருந்து வலு குறைவாக இருந்தால் நேரம்தான் போகும், காய்ந்தால் பெட்டியே போகும். யாழ்ப்பாண மத்தியான வெயில் கிரீமைச் சுட்டுக் காயவைக்கும், சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று பிலிமைக் கிளப்பி மணலையும் கொண்டுவந்து போடும். அதனால் காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை, பிறகு பின்னேரம் மூன்றுக்குப் பின், மதில் காற்றை மறைக்கிற பக்கம் முற்றத்தில் வையுங்கள். அரை மணிக்கொருமுறை திருப்புங்கள், காய்கிற மாதிரித் தெரிந்தால் பிலிமை எடுத்து மேலே இன்னொரு பூச்சு. பூசிவிட்டுப் படுக்கப் போகிற வேலை இல்லை இது.

இந்தக் காவல் வேலைக்குப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு அமிழ்த்துகிற வழி இருக்கிறது. அது உண்மையில் சுகமும் கூட, முக்கியமாகக் கீபோட் கட்டைகளுக்கு. கட்டைகளைக் கழற்றி, நிறமில்லாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் போட்டு, பாமசியில் வாங்கின 3 அல்லது 6 வீத பெரொக்சைட் தண்ணீரை மூடும்வரை ஊற்றி வெயிலில் வைப்பது. எல்லாம் நனைந்தே கிடப்பதால் வரி விழாது. கட்டைகள் மிதக்கும், மேலே ஒரு கண்ணாடிக் கோப்பையை வைத்து அமத்துங்கள். பெட்டியை இறுக்கி மூடக்கூடாது, ஒட்சிசன் வாயு வந்துகொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும். மிஞ்சினதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் கூடாது, யாராவது தண்ணீர் என்று குடித்துவிடுவார்கள். ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாகி மற்றக் கட்டைகள் சுத்தமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சில கீபோட்டுகளில் எழுத்துக் கட்டைகள் பிபிரி என்கிற வேறு பிளாஸ்ரிக், அது மஞ்சளாவது குறைவு.

உட்பக்க நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஈரத்தில் நிறம் சரியாகத் தெரியாது, ஒரு மூலையைத் துடைத்துக் காயவிட்டுப் பார்க்கவேண்டும். பிறகு நன்றாக அலசுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும், கடைசி அலசலுக்கு மட்டும் போத்தல் தண்ணீர் அல்லது சேர்த்து வைத்த மழைத் தண்ணீர் பாவியுங்கள். கழுவின மருந்தைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். நிழலில் ஓர் இரவு காயவிட்டுப் பூட்டலாம்.

மஞ்சள் சில வருசத்தில் திரும்பி வரக்கூடும், யன்னல் வெயில் படாத இடத்தில் வைத்தால் தாமதமாகும். மேலே கிளியர் வார்னிஷ் அடித்து விடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அடிக்கமாட்டேன், அடுத்தமுறை வெளுக்க வேண்டி வந்தால் முதலில் அதை உரிக்கவேண்டியிருக்கும்.