பவர் வீடர் எஞ்சினில் வால்வு கோளாறா? இப்படிப் பாருங்கள்

பிசான நெல் பருவம் முடிந்து கொட்டகையில் நின்ற பவர் வீடர் (களையெடுக்கும் இயந்திரம்), அடுத்த கார் நெல் பருவத்தில் கிளம்ப மறுத்தால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் கயிற்றை மெதுவாக இழுங்கள். கனமே இல்லாமல் வந்தால் பெரும்பாலும் ஒரு வால்வு மூடவில்லை. வெடுக்கென்று கையைப் பிடுங்கினால் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி கூடியிருக்கலாம். கிளப்பும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு அப்போது வால்வைத் திறக்காது.

ஆறிய எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கையும் ராக்கர் மூடியையும் கழற்றி, கயிற்றை இழுத்தபடி இரண்டு ராக்கரையும் கவனியுங்கள். ஒன்று அசையாவிட்டால் அதைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு விலகியிருக்கும் அல்லது வளைந்திருக்கும். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். ஆனால் ராடை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சும்மா நின்ற நாட்களில் துருவோ பெட்ரோல் பிசினோ ஏறி, கைடில் (வால்வு ஏறி இறங்கும் குழாய்) வால்வு சிக்கியதுதான் பல நேரம் காரணம். அதைச் சுத்தம் செய்யாவிட்டால் புது ராடும் வளையும்.

இடைவெளி பார்க்க, இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். 163 சிசி எஞ்சின் பலவற்றில் இன்லெட் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசி நுழையட்டும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள்; இறுக்கும்போதே அளவு நகரும்.

அளவு சரியாக இருந்தும் கனம் இல்லையா? ஹெட்டைக் கழற்றி, வால்வின் பின்புற வழியான போர்ட்டில் டீசல் ஊற்றுங்கள். வால்வு ஓரம் கசிந்தால் லேப்பிங் பேஸ்ட் (தேய்ப்புப் பசை) போட்டு வால்வை அது அமரும் இடத்தில் தேய்க்க வேண்டியதுதான்.