துணை போதையில் சிக்கியிருக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போதைப் பழக்கம் உள்ளவரோடு குடும்பம் நடத்துகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பாசத்தில் செய்பவை. அதனாலேயே அவை தவறு என்று தோன்றுவதில்லை. பார்க்கிறவர்களும் "எவ்வளவு பொறுமை!" என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சத்தியம் வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "என் மேல ஆணையா இனிமே தொடமாட்டேன்னு சொல்லு." அவரும் அழுதுகொண்டே சொல்வார். சொல்லும் நேரத்தில் அது பொய்யும் அல்ல. ஆனால் நாள்பட்ட போதை, ஆசையையும் கட்டுப்பாட்டையும் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளையே மாற்றிவிடுகிறது. வேட்கை கிளம்பும்போது சத்தியம் தாங்காது. மீறிய பிறகு வரும் குற்ற உணர்ச்சியை மறக்க மறுபடியும் அதையே தேடிப் போவார். போனை நோண்டுவது, சட்டைப் பையைத் துழாவுவது, கண் சிவந்திருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பது எல்லாம் இதே ரகம்தான். அவருக்கு ஒளிக்கும் சாமர்த்தியம் கூடும், உங்களுக்குத் தூக்கம் போகும்.

இதைவிடப் பெரிய தவறு, அவர் செய்வதன் விளைவுகளை நாமே துடைத்துப்போட்டுக்கொண்டு இருப்பது. திங்கட்கிழமை காலை, அவர் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. நீங்கள் மேலாளருக்குப் போன் செய்து, குரலைத் தாழ்த்தி, "ராத்திரியிலிருந்து காய்ச்சல் சார்" என்கிறீர்கள். வேலை தப்பிவிடுகிறது. நேற்றிரவு எடுத்ததால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்பதும் அவர் மனதில் பதிந்துவிடுகிறது. கடனை அடைப்பது, உறவினர்களிடம் பூசி மெழுகுவது, உடைத்த பொருளை அவர் எழுவதற்குள் மாற்றி வைப்பது எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. நான் செய்யப்போவது அவருக்கு உதவியா, பழக்கத்துக்கு உதவியா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பசித்தால் சாப்பாடு கொடுங்கள். மருத்துவக் கட்டணத்தை நீங்களே நேரில் கட்டுங்கள். கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள், அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள்.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். "பட்டால்தான் புத்தி வரும், அப்படியே விட்டுவிடு" என்பார்கள். எனக்கு இந்த அறிவுரையைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஹெராயின், ஃபென்டனில் போன்ற, அளவு கூடினால் மூச்சையே நிறுத்திவிடும் போதைப்பொருட்களில் பட்டுத் திருந்துவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய குடும்பப் பயிற்சி முறை வேறு வழி காட்டுகிறது. துணை தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரோடு உட்காருங்கள், பேசுங்கள், சேர்ந்து வெளியே போங்கள். போதையில் வந்தால் சண்டையும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம், அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். சிகிச்சைக்கு மறுத்துவந்த குடிநோயாளிகளின் குடும்பத்தாரிடம் நடந்த ஓர் ஆய்வு 1999-ல் வெளியானது. இந்த முறையைக் கற்றுக்கொண்ட குடும்பங்களில் 64 சதவீதம் பேர் நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்றுகூடி எதிரில் உட்காரவைத்து நெருக்கும் முறையில் அது 30 சதவீதம்தான்.

பேசும் நேரமும் முக்கியம். போதை ஏறியிருக்கும்போதும், கிடைக்காமல் உடம்பு நடுங்கும்போதும் எடுக்கும் பேச்சு வீண். தெளிந்திருக்கும் பொழுதில், "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதை விட்டுவிட்டு, "நேத்து ராத்திரி நீ கிடந்ததைப் பார்த்து நான் பயந்துட்டேன்" என்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் காதில் ஏறும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. அறையில் பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தவைப்பது வீரம் அல்ல. நீண்ட நாள் குடித்தவரும், பதற்றத்தைத் தணிக்கத் தரும் டயஸிபாம் போன்ற மாத்திரைகளுக்கு அடிமையானவரும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலப்பதும் அப்படியே. குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம் உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும். நம்பிக்கை போவது தனிக் கதை.

மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியதும் "அப்பாடா, முடிந்தது" என்று பெருமூச்சு விடுகிறோம். உண்மையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது அந்த முதல் சில வாரங்களில்தான். விலகியிருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோயிருக்கும். முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது கொன்றுவிடலாம். ஹெராயின் வகையை எடுத்தவரின் வீட்டில், அந்தப் போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எழுப்பினால் எழாமல் இருப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது, கரகரவென்ற குறட்டை, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி ஆகியவை அபாய அறிகுறிகள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், நலோக்சோன் கொடுங்கள், மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அந்த மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் அடங்கிவிடும், பிறகு மூச்சு மறுபடியும் திணறலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று, ஹெராயின் வகைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன், புப்ரினார்ஃபின் மருந்துகளை நிறுத்தச் சொல்லும் துணைகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இவற்றை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மீண்டும் ஒருமுறை எடுத்துவிட்டால் எல்லாம் பாழ் என்று தலையில் கைவைக்க வேண்டாம். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் திரும்பவும் சறுக்குவதாக அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

உங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நண்பர்களை விட்டு, வேலையில் கவனம் விட்டு, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்கள் ஏராளம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் என்ற ஆதரவுக் குழு 1951-லிருந்தே இயங்குகிறது, மற்ற போதைகளுக்கு நார்-அனான் இருக்கிறது. அங்கே போக அவர் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அவருடைய அனுமதியும் வேண்டாம்.

நிறைவேற்ற முடியாத மிரட்டலும் வேண்டாம். "இன்னொரு தடவை எடுத்தா வீட்டை விட்டுப் போயிடுவேன்" என்று பத்து முறை சொல்லிவிட்டுப் போகாதவரின் பதினோராவது பேச்சுக்கு மதிப்பில்லை. "போதையில் இருக்கும்போது குழந்தையை உன்னோடு வண்டியில் அனுப்பமாட்டேன்" போல, உங்களால் காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லி, அதில் உறுதியாக நில்லுங்கள். கை நீட்டுகிறார் என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. முக்கிய ஆவணங்களையும் கொஞ்சம் பணத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சிகிச்சைக்கு எப்படி உதவுவது என்பதைப் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு யோசித்துக்கொள்ளலாம்.