மாண்டலினில் வேகம் பிடிக்க: முதலில் வலது கை

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு மாண்டலின் படிக்க வரும் பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, யூ. ஸ்ரீநிவாஸ் மாதிரி வேகமாக எப்படி வாசிப்பது என்றுதான். அவர் வாசித்தது ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலின். நம் கையில் இருப்பது எட்டுத் தந்தி, இரண்டிரண்டாக நான்கு ஜோடி, அதனால் ஒவ்வொரு அடியும் இரண்டு தந்தியிலும் பட வேண்டும். வலது கை சரியாகாமல் இடது கையை எவ்வளவு ஓட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

பிக், அதாவது தந்தியை மீட்டும் சின்னச் சில்லு, 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் வாங்குங்கள், மெல்லியது வளைந்து நிமிரவே நேரம் எடுக்கும். ஆள்காட்டி விரலை மடக்கி அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலால் மூடுங்கள். முனை 2, 3 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும், யாராவது இழுத்தால் உருவிக்கொண்டு வருகிற அளவுக்கு லேசான பிடி. நம் ஊரில் ரப்பர் வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், கத்தி பட்டையை மட்டும் சீவிக்கொண்டு போகும், கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். பிக்கும் அப்படி மேலாக உரசிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

சரி, இப்போது மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காலம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஏ தந்தியை (கீழிருந்து இரண்டாவது ஜோடி) மட்டும், இடது கை தொடாமல், ஒரு தட்டுக்கு நான்கு அடி: த டவுன் (மேலிருந்து கீழே), க அப் (கீழிருந்து மேலே), தி டவுன், மி அப். வாயால் சொல்லிக்கொண்டே அடியுங்கள். அசைய வேண்டியது மணிக்கட்டு. நான் தொடக்கத்தில் முழங்கையிலிருந்து அடித்துப் பழகியதால் ஒரு கிறிஸ்துமஸ் கேரலில் பாதிப் பாட்டிலேயே முன்கை கல்லாகிவிட்டது, அந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் ஆனது.

பெரும்பாலும் கை தடுக்குவது தந்தி மாறுகிற இடத்தில்தான். ஏ தந்தியில் தகதி, அதற்குக் கீழே உள்ள கடைசி ஜோடியான ஈ தந்தியில் மி என்று வாசித்துப் பாருங்கள். தி முடிந்ததும் பிக் இரண்டு ஜோடிக்கும் நடுவே நிற்கும், ஈ தந்தியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது அப் விழ வேண்டும். கை தன்னாலே அங்கே டவுன் போடப் பார்க்கும், விடாதீர்கள். இந்த ஒரு தாண்டலுக்கே தினமும் பத்து நிமிடம் கொடுங்கள், பாட்டைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

அயர்லாந்தின் ஜிக் ஆட்டப் பாட்டு போன்ற ஆறு எண்ணிக்கைப் பாட்டுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. தகிட தகிட, அதாவது டவுன் அப் டவுன், மறுபடி டவுன் அப் டவுன். ஒவ்வொரு த-வும் டவுனில் விழுவதால்தான் அந்த ஆட்டத்தின் துள்ளல் வருகிறது.

அப்புறம், ஒரு வேகத்தில் மூன்று முறை பிசகாமல் வந்தால் மெட்ரோனோமில் 4 ஏற்றுங்கள், பிசகினால் 8 இறக்குங்கள். 120-ஐத் தொடும்போது நொடிக்கு 8 அடி. அங்கேயும் தோள் தளர்வாக இருந்தால் இடது கையைச் சேர்த்துக்கொள்ளலாம்.