டவர் காட்டுது, பேச முடியுதா? ராமநாதபுரம் கடற்கரையில் தவிர்க்க வேண்டிய நெட்வொர்க் தவறுகள்

2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி தொடங்கியது. அதற்குப் பிறகு நம் பக்கம் வந்து சேர்ந்தவை ஏராளம்: ஃபைபர் இணைப்பு, பல புள்ளிகள் வைத்து வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் வைஃபை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம், படகிலிருந்து செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் இவற்றைப் பற்றிய பேச்சு இருக்கிறது. ஆனால் வாங்கும்போது ‘எத்தனை ஜி, எத்தனை எம்பி’ என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கடலோரத்தில் இருப்பவர்கள் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. இந்தக் கருவி செய்தியை வாங்க மட்டும் செய்யுமா, திருப்பி அனுப்பவும் செய்யுமா? வீட்டில் மாட்டுவதென்றால், உப்புக்காற்றைத் தாங்குமா? இவற்றைக் கேட்காமல் விடுவதால் வரும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன். கடல் விஷயத்தில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சிக்னல் கோட்டை நம்புவது

படகு கரையை விட்டு விலகிய பிறகும் போனில் இரண்டு கோடு நிற்கும். அழைத்தால் போகாது. போனாலும் எதிர்முனையில் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். போன் கெட்டுவிட்டது என்று அணைத்து அணைத்துப் போடுவோம். போனில் கோளாறு இருக்காது. டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று அவை சொல்லாது. டவரில் உள்ள கருவி பத்து, நாற்பது வாட் என்று அலையை வீசும். நம் போன் அதிகபட்சம் வீசுவது சுமார் 0.2 வாட். கோவில் ஒலிபெருக்கி ஊர்க்கோடி வரை கேட்கும், ஊர்க்கோடியில் நின்று நாம் பேசுவது கோவிலுக்குக் கேட்காது, அது மாதிரிதான்.

அதோடு பூமியின் வளைவும் சேர்ந்துகொள்ளும். டவர் 40 மீட்டர் உயரம், படகில் போனைப் பிடித்திருப்பது 2 மீட்டர் உயரம் என்றால், கணக்குப்படி சுமார் 32 கிலோமீட்டரோடு நேர்வழி முடிந்துவிடுகிறது. அதே போனை 5 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் மூன்று கிலோமீட்டர் கூடும். அதனால்தான் தளத்தில் நின்று கிடைக்காத சிக்னல் கேபின் மேலே ஏறினால் கிடைக்கிறது. இரும்பால் அடைத்த கேபினுக்குள் உட்கார்ந்து முயல்வது வீண்வேலை.

5ஜி விஷயத்தில் இன்னொன்று. 5ஜி ஒரே அலைவரிசையில் வருவதில்லை. 700 மெகாஹெர்ட்ஸில் வருவது நெடுந்தூரம் போகும், 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வருவது வேகம் கூடியது, தூரம் குறைந்தது. கரையில் வேகம் பறக்கிறதே என்று அதே அமைப்போடு கடலுக்குப் போனால், போன் 5ஜியைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடித்துவிடும். கடலுக்குக் கிளம்பும்போது அமைப்புகளில் போய் 4ஜிக்கு மாற்றி வையுங்கள். சிக்னல் எட்டும் விளிம்பில் இருக்கும்போது அழைப்பைவிட எஸ்எம்எஸ் நல்லது. அதற்கு ஒரு நொடி வழி கிடைத்தாலே போதும். போகாமல் நின்றாலும் மறுபடி அனுப்பிப் பார்க்கலாம், பேட்டரி அவ்வளவாகக் கரையாது.

இதைச் சமாளிக்க ஆன்லைனில் சிக்னலைப் பெருக்கும் ‘பூஸ்டர்’ வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தரமில்லாத பூஸ்டர் ஒன்று டவரின் காதில் ஓயாமல் இரைச்சலைக் கொட்டும். அந்த டவரை நம்பியிருக்கும் குப்பம் முழுக்கப் பேச முடியாமல் போகும்.

‘நேத்து அந்த இடத்துல கிடைச்சதே’ என்பதும் ஆபத்தான கணக்கு. காற்று அடங்கிய வெயில் நாட்களில் கடல்மேல் ஈரக்காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நிற்கும். ரேடியோ அலை அந்த அடுக்குக்குள் சிக்கி, வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடும். 1980-களில் நம் கடற்கரை ஊர்களில் மாடியில் ஆண்டெனா நட்டு இலங்கையின் ரூபவாகினி தொலைக்காட்சியைப் பார்த்தார்களே, அதற்குக் கடல்மேல் அலைகள் இப்படி ஓடியதும் ஒரு காரணம். காற்று மாறினால் அந்த வழி அடைந்துவிடும். ஒருநாள் கிடைத்த தூரத்தை வைத்து மறுநாள் திட்டம் போடக் கூடாது.

எந்த நாட்டு நெட்வொர்க் என்று பார்க்காமல் விடுவது

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அரிச்சல்முனையில் நின்றால் போன் தானாகவே இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வது உண்டு. சர்வதேச ரோமிங் போட்டு வைத்திருந்தால் பில் ஏறும். போடாதிருந்தால் போன் அந்த நெட்வொர்க்கையே சுற்றிக்கொண்டு ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று நின்றுவிடலாம். நேரத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. 2006-லிருந்து இரு நாட்டுக்கும் ஒரே கடிகாரம். ராமேஸ்வரத்தைத் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்தால் போதும்.

சுற்றுலா வருபவருக்கு இது பணத்தோடு போயிற்று. மீனவருக்கு அப்படி இல்லை. இந்திய சிக்னல் வருகிறது, ஆகவே இன்னும் நம் கடலில்தான் இருக்கிறோம் என்று யாராவது நினைத்தால் அது பெரிய தப்பு. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976-இல் செய்த ஒப்பந்தங்கள் போட்ட கடல் எல்லைக் கோட்டில் ரேடியோ அலை நிற்பதில்லை. எல்லை தாண்டிய பிறகும் நம் டவர் தெரியலாம், தாண்டாமலே இலங்கை டவர் தெரியலாம். எல்லையை ஜிபிஎஸ்ஸில் புள்ளிகளாகப் பதிந்து, நெருங்கும்போது அலாரம் அடிக்கும்படி வைத்துக்கொள்வதுதான் வழி.

‘ஜிபிஎஸ் இருக்குல்ல, கண்டுபிடிச்சிருவாங்க’

இந்த நம்பிக்கையை எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. ஜிபிஎஸ் கருவி கேட்கும் கருவி. செயற்கைக்கோள்கள் சொல்வதைக் கேட்டு, நீங்கள் இருக்கும் இடத்தை உங்களுக்குச் சொல்லும். கரையில் உள்ளவருக்கு அது எதையும் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட்டுப் போவதும் டேட்டா இருக்கும் வரைதான். டேட்டா அறுந்ததும் வீட்டில் உள்ளவர்கள் பழைய புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: நெட் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று போனைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவது. நெட் இல்லாமலே வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

2019-இல் வந்த ‘ஜெமினி’ கருவியும் கேட்கும் வகைதான். புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கும் இடம் போன்றவற்றை நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியாக வாங்கி, புளூடூத்தில் போனுக்குத் தரும். அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம், ஆனால் அதிலிருந்து உதவி கேட்க முடியாது. இருவழியும் பேசும் கருவி டிரான்ஸ்பாண்டர். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் படகுகளில் ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 ஆகஸ்ட் 30-இல் தொடங்கியது. டவரே இல்லாத இடத்திலிருந்தும் இதன் வழியாக ஆபத்துச் செய்தி போகும். இதை மாட்டியிருந்தும் பயனில்லாமல் ஆக்கும் பழக்கங்கள்தான் வருத்தம் தருகின்றன. ஆண்டெனாவுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். அதன்மேல் வலையைக் குவிப்பதும், ஐஸ் பெட்டியை அடுக்குவதும் கூடாது. ‘நாம எங்க போறோம்னு பார்க்கிறாங்க’ என்று ஒயரைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. நம் மீனவர் சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எஞ்சின் நின்றுபோன படகு காற்றில் எல்லை தாண்டி இழுபட்டுப் போகும்போது, அது எந்த நேரம், எங்கே நின்றது என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. கழற்றாதீர்கள். படகு கைமாறினால் பதிவில் உள்ள பெயரையும் போன் எண்ணையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஆபத்து நேரத்தில் அழைப்பு பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போகும்.

படகுக்குப் படகு நேராகப் பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் ரேடியோவைப் பழைய சமாச்சாரம் என்று ஒதுக்குவதும் சரியில்லை. பொருத்தி வைக்கும் கருவி 25 வாட் வீசும், போனைவிட நூறு மடங்குக்கும் மேல். ஒரே அழைப்பைச் சுற்றியுள்ள எல்லாப் படகும் கேட்கும். கடலில் முதலில் வந்து தூக்குகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் படகுக்காரர்தான், அதனால் இது மிக முக்கியம். ஆனால் இரண்டு படகிலும் ஆண்டெனா 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் தூரம் சுமார் 14 கிலோமீட்டரோடு சரி. ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரிய 16-ஆம் சேனலில் மீன் விலை பேசிக்கொண்டிருந்தால், அந்த நேரம் ஒருவர் உதவி கேட்டுக் கத்துவது யாருக்கும் கேட்காது. கூப்பிட்டதும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். 1554 கடலோரக் காவல்படைக்கும், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் உரிய எண்கள். இரண்டும் டவர் இருந்தால்தான் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்புறம் சாட்டிலைட் போன். கீழக்கரைப் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம் ‘ஒண்ணு வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். துராயா, இரிடியம் கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் இங்கே கைதாகலாம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம். மலையேறுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சிறிய சாட்டிலைட் மெசஞ்சருக்கும் இதே கதைதான். செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் இந்தியாவில் உரிமம் பெற்றது 2025 ஜூனில். அதற்காக வெளிநாட்டில் வாங்கிய அதன் தட்டு ஆண்டெனாவை இங்கே கொண்டுவந்து மாட்டலாம் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்குள் உப்பை மறப்பது

ஃபைபர் வந்துவிட்டது, இனி துரு பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, உண்மை. இழையைத் தவிர மற்றதெல்லாம் பிடிக்கும். கடலோர வீடுகளில் சுவரில் இருக்கும் கேமரா பெட்டியைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் பிளக்கின் எட்டு ஊசிகளில் மின்சாரம் ஓடுகிற ஊசிகள் மட்டும் பச்சைப் பாசி பிடித்ததுபோல் ஆகியிருக்கும். கேமராவுக்கு அந்த ஒயரிலேயே மின்சாரமும் போகிறது. உப்பு ஈரமும் நேர்மின்சாரமும் சேர்ந்தால் செம்பு அரித்துக்கொண்டே போகும். முலாம் பூசாத மலிவு பிளக், செம்பு பூசிய அலுமினிய ஒயர் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பெட்டிக்குள் ஒயர் கீழிருந்து நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலிருந்து நேராக இறக்கினால் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடும்.

ஃபைபர் முனையில் பச்சைத் தலையும் உண்டு, நீலத் தலையும் உண்டு. பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, நீலத்துக்கு அந்தச் சாய்வு இல்லை. அவசரத்தில் ஒன்றோடு ஒன்றைச் செருகினால் வெளிச்சம் கசிந்து வேகம் தடுமாறும், முனையும் கீறலாம். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் முனையைச் சட்டைத் துணியால் துடைக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

40 எம்பி திட்டத்துக்கு வைஃபை 7 ரவுட்டர் வாங்குவது வீண்செலவு. கீழக்கரையின் பழைய தடித்த சுவர் வீடுகளில் எந்த ரவுட்டரும் மூன்றாவது அறைக்குத் திணறும். உள்ளறைக்கு ஒரு ஒயர் இழுத்து இன்னொரு வைஃபை புள்ளி வைப்பது அதைவிட மலிவு, உறுதி.

இறால் பண்ணை, உப்பளம், கடற்கரை விடுதி வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குக் குறுக்கே தட்டு ஆண்டெனா வைத்து நெட் இழுப்பார்கள். காலையில் நன்றாக ஓடும், சாயங்காலம் விழும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதுவதுதான் காரணம். இந்த அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். ஏற்றவற்றத்தில் தண்ணீர் அரை மீட்டர் மாறினாலே எல்லாம் குழம்பிவிடும். ஒரு முனையை நன்றாக உயர்த்தி, மறுமுனையைத் தாழ்த்தி, தண்ணீர் ஏறியபோதும் வற்றியபோதும் சோதித்த பிறகே தொழிலாளிக்குப் பணம் கொடுங்கள்.

சிம், இ-சிம்

‘5ஜிக்கு மாத்தித் தர்றோம், ஓடிபி சொல்லுங்க’ என்று வரும் அழைப்பு மோசடி. யாரிடமும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். இ-சிம் நல்ல வசதி, ஆனால் கடல் தொழிலுக்குப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். போன் தண்ணீரில் விழுந்தால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றிப் பக்கத்து ஆள் போனில் போட்டுப் பேசலாம், இ-சிம்மை அப்படி எடுக்க முடியாது.

புயல் நேரத்தில் ஊரில் மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் ஓடும். அது சில மணி நேரமே, டீசல் வந்து சேராவிட்டால் டவரும் நின்றுவிடும். சொல்ல வேண்டியதை மின்சாரம் போனவுடனே சொல்லிவிடுங்கள். போனில் அவசர எச்சரிக்கை அலறல் தொந்தரவு என்று அணைத்து வைத்திருந்தால் திரும்ப இயக்குங்கள். அந்தச் செய்தி ஒரு டவரின் கீழுள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் போகும், நெரிசலில் சிக்காது. படகுக் கருவிகளைச் சரிபார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. வலை பின்னுவதோடு, ஆண்டெனா இணைப்பைக் கழற்றித் துடைத்து, நீர்புகா டேப் புதிதாகச் சுற்றி, கருவிகளை இயக்கியபடியே பேட்டரியை ஒரு இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.