வீட்டில் இருக்கும் சர்வரை இணையத்துக்குத் திறந்துவிடுவது எப்படி?

என் புத்தக அலமாரியின் மேல்தட்டில் உள்ளங்கை அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை கணினி இருக்கிறது. அப்பா எடுத்த பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, அதில் ஒரு சிறு தளமாக வைத்திருக்கிறேன்; கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் இந்தக் கணினிதான் என் சர்வர். வீட்டு வைஃபையில் தளம் உடனே திறந்தது. வெளியூரில் இருக்கும் அத்தை பார்க்க ஆசைப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. இரண்டு இரவுகள் ரவுட்டரின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் பயனில்லை. என் இணைப்புக்குப் பொது ஐபி முகவரியே (வெளியிலிருந்து வீட்டு இணைப்பைக் கண்டடைய உதவும் எண்) தரப்படவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அந்த இரண்டு இரவுகளை நீங்களும் இழக்க வேண்டாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படி சரியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

முதலில் வீட்டுக்குள்

சர்வர் கணினியில் பக்கங்களை அனுப்பும் நிரலான கேடி (Caddy) அல்லது என்ஜின்எக்ஸை (nginx) நிறுவி, ஒரு பக்கத்தை வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு நான் கேடியைத்தான் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது. அதே வைஃபையில் இருக்கும் கைபேசியில் சர்வரின் உள்முகவரியை, உதாரணமாக 192.168.1.50 என்று, தட்டிப் பாருங்கள். பக்கம் தெரிய வேண்டும்.

இந்த உள்முகவரியை ரவுட்டர்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அது 192.168.1.53 ஆக மாறிவிடக்கூடும். அதனால் ரவுட்டரின் பக்கத்துக்குள் சென்று (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), உள்முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்பதைத் தேடி, சர்வரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறதா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. ரவுட்டரின் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, அங்கே தெரியும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நேராகப் போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) திறக்கும் படிக்குப் போகலாம்.

ஒன்றாக இல்லையென்றால், வான் முகவரியின் முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், உங்களையும் வேறு பலரையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உங்கள் இணையச் சேவை நிறுவனம் வைத்திருக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். காரணம் முகவரிப் பற்றாக்குறை: இப்படி நான்கு எண்களால் ஆன ஐபி நான்காம் பதிப்பில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். மண்டலப் பதிவகங்களுக்கு (பகுதிவாரியாக முகவரிகளை வழங்கும் அமைப்புகள்) பிரித்துத் தர வைத்திருந்த மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. சிஜிநாட்டுக்கென்று இந்த 100.64 தொகுதியை 2012இல் தனியாக ஒதுக்கினார்கள். சிஜிநாட் இருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பு சேவை நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். உங்கள் ரவுட்டர்வரை அது வருவதே இல்லை. அங்கே நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை.

வான் முகவரி 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன என்று பொருள். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய வைஃபை ரவுட்டர் இன்னொன்று. ஃபைபர் பெட்டியை, ரவுட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றித் தரச் சேவை நிறுவனத்திடம் சொல்லுங்கள். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஃபைபர் பெட்டியின் நிலைப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

சிஜிநாட் என்று உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. சேவை நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது முதல் வழி. இரண்டாவது, முகவரிப் பஞ்சம் இல்லாத புதிய ஐபி ஆறாம் பதிப்பு. இந்தியாவில் இப்போது பல இணைப்புகளில் அது வருகிறது. அதில் போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டருக்கு வரும் அழைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது) தேவையில்லை, ரவுட்டரின் ஃபயர்வாலில் (உள்ளே வருவதை வடிகட்டும் தடுப்பு) அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் பார்ப்பவரின் இணைப்பிலும் ஆறாம் பதிப்பு இருக்க வேண்டும். மூன்றாவது, கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சுரங்க வழி. உங்கள் சர்வரே வெளியே போய் ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, அதன் வழியாகவே வருகையாளர்களை ஏற்கும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். சொந்த டொமைன் பெயர் (தளத்துக்கென்று பதிவு செய்யும் இணையப் பெயர்) வேண்டும். போக்குவரத்து சுரங்க வழி தரும் நிறுவனத்தின் வழியே, மறையாக்கம் அவிழ்க்கப்பட்டுச் செல்லும் என்பதையும் அறிந்தே தேர்ந்தெடுங்கள். குடும்பப் படங்கள் என்பதால் நான் கட்டணம் கட்டிப் பொது முகவரியே வாங்கினேன்.

இரண்டே போர்ட்டுகள்

ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' அல்லது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பக்கத்துக்குச் செல்லுங்கள். வெளிப்போர்ட் 80, உள்போர்ட் 80, உள்முகவரி 192.168.1.50, நெறிமுறை டிசிபி. சேமியுங்கள். அடுத்த வரியில், பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் இணைப்புக்கான 443க்கும் இதையே செய்யுங்கள். அவ்வளவுதான்.

'டிஎம்இசட்' என்று ஒரு வசதி அருகிலேயே இருக்கும். ஒரே சொடுக்கில் எல்லாம் வேலை செய்யும் என்று அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்; சர்வரின் எல்லாப் போர்ட்டுகளையும் அது ஊருக்குத் திறந்துவிடும். சர்வரை வேறு கணினியிலிருந்து இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டாம். ரவுட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' (வெளியிலிருந்து ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் வசதி) இயங்கினால் அணைத்துவிடுங்கள். சர்வரில் யுஎஃப்டபிள்யூ போன்ற ஃபயர்வாலை இயக்குவதற்கு முன், 80, 443 போர்ட்டுகளுக்கும், வீட்டு வலையமைப்பிலிருந்து வரும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச்சை மறந்தால் உங்கள் சர்வருக்குள் நீங்களே நுழைய முடியாது.

இப்போது கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் பொது முகவரியைத் தட்டுங்கள். வைஃபையில் இருந்தபடியே சோதிக்காதீர்கள். உள்ளிருந்து கிளம்பி வெளிமுகவரி வழியாக மீண்டும் உள்ளே வரும் கோரிக்கையைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் தவறு என்றே தோன்றும். மொபைலிலும் வரவில்லை என்றால், 80ஆம் போர்ட்டைச் சேவை நிறுவனமே அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

பெயரும் பூட்டும்

சாதாரண இணைப்புகளில் பொது முகவரி அவ்வப்போது மாறும். டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவையில் ஒரு பெயரைப் பதிந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய முகவரியைத் தெரிவிக்கும் சிறு நிரலைச் சர்வரில் ஓடவிடுங்கள். நிலையான முகவரி வாங்கியவர்கள் தங்கள் டொமைனின் 'ஏ' பதிவில் (பெயரை முகவரியோடு இணைக்கும் வரி) அதை ஒருமுறை எழுதினால் போதும்.

கேடியைச் சொன்னதற்குக் காரணம் இங்கே. அதன் அமைப்புக் கோப்பில் தளத்தின் பெயரையும் கோப்புகள் இருக்கும் இடத்தையும் எழுதி மறுதொடக்கம் செய்தால், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவச அமைப்பிடமிருந்து ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கிவிடும், காலம் முடியும் முன் புதுப்பித்தும்விடும். என்ஜின்எக்ஸில் இதற்கு வழக்கமாக செர்ட்பாட் போன்ற ஒரு தனி நிரலைச் சேர்ப்பார்கள்.

சான்றிதழ் வாங்கிய கையோடு, வந்த கோரிக்கைகள் பதிவாகும் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். சான்றிதழ்கள் பொதுப் பட்டியலில் பதிவாவதால், உங்கள் தளத்தின் பெயர் அத்தைக்குப் போய்ச் சேரும் முன்பே தானியங்கி நிரல்களுக்குத் தெரிந்துவிடும். உங்களிடம் இல்லாத வேர்ட்பிரஸ் உள்நுழைவுப் பக்கத்தை யாரோ கேட்டிருப்பார்கள். 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை', என்ற பதில் போயிருக்கும். அந்த 404 வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். நீங்கள் வைக்காத ஒன்றுக்கு 200, அதாவது 'இதோ இருக்கிறது', என்று பதில் போயிருந்தால் மட்டும், உடனே ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கின் இரண்டு வரிகளையும் அணைத்துவிட்டு, என்ன திறந்திருக்கிறது என்று தேடுங்கள்.