கொழும்பில் நாய் வளர்க்கத் தொடங்குவோருக்கு: சட்டப்படி செய்ய வேண்டியவை, படிப்படியாக

கொழும்பில் நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவோர் அதற்கான உணவையும் படுக்கையையும் முதல் நாளே தேடிவிடுகிறார்கள். ஆனால், அதன் பெயரில் இருக்க வேண்டிய பத்திரங்களைப் பற்றி, அது யாரையாவது கடித்த பின்னர்தான் பலர் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். நாய் வளர்ப்பவரின் கடமைகள் ஒரே சட்டத்தில் தொகுக்கப்பட்டிருக்கவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். 1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஆகியவற்றோடு, தொடர்மாடிகளுக்கான சட்டமும் உள்ளூராட்சிச் சபைகளின் துணைவிதிகளும் சேர்ந்தே இக்கடமைகளை வகுக்கின்றன. கீழுள்ள வரிசையில் செய்துகொண்டு போனால் எதுவும் கடினமில்லை. ஒவ்வொரு படிக்கும் முந்தைய படியின் பத்திரம் உதவும்.

படி 1: உங்கள் வீடு எந்தச் சபைக்கு உரியது என்று பாருங்கள்

வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாநகர சபைக்கு உட்பட்டவை. வெள்ளவத்தையை அடுத்துள்ள தெஹிவளையோ தெஹிவளை-கல்கிசை மாநகர சபைக்கு உரியது. இராஜகிரிய கோட்டே மாநகர சபையின் எல்லைக்குள் வருகிறது. நாயைப் பதிவு செய்வது நீங்கள் வசிக்கும் இடத்துச் சபையின் பொறுப்பு என்பதால், வீட்டின் சோலை வரிச் சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள்.

படி 2: விசர்நாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டு, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் மனிதரிடம் வெளிப்பட்டுவிட்டால் ஏறத்தாழ எவரையும் காப்பாற்ற முடிவதில்லை. இலங்கையில் இன்னமும் ஆண்டுதோறும் இந்நோயால் மக்கள் இறக்கிறார்கள். ஒரு குட்டியின் உடலில் ஏற்றப்படும் சிறிய ஊசி அந்த வீட்டின் பிள்ளைகளையும் அயல்வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், சட்டம் இதை ஏன் வற்புறுத்துகிறது என்பது விளங்கும்.

ஊசியைத் தனியார் மிருக வைத்தியரிடம் போடலாம். சுகாதாரத் துறையினர் பிரதேசந்தோறும் நடத்தும் முகாம்களில் இலவசமாகவும் போடலாம். முகாம் நடைபெறும் நாளை உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டறியுங்கள். குட்டிக்கு முதல் ஊசியை எப்போது போடுவது, அடுத்ததை எப்போது போடுவது என்பதை மிருக வைத்தியர் குறித்துத் தருவார். அதன் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் போட வேண்டும்.

இங்கே புதியவர்கள் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது. குட்டிப் பருவத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்குப் போடப்படும் கூட்டு ஊசி வேறு, விசர்நாய்க்கடிக்கான ஊசி வேறு. அட்டையில் ஒட்டுத்தாள்கள் நிறைந்திருந்தாலும் விசர்நாய்க்கடிக்கான ஊசி அவற்றில் இல்லாமல் இருக்கக்கூடும். ஆகவே ஊசியின் பெயர், போட்ட திகதி, அடுத்த திகதி, வைத்தியரின் கையொப்பம் ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: சபையில் பதிவு செய்யுங்கள்

1901 ஆம் ஆண்டின் சட்டப்படி நாயை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். தடுப்பூசி அட்டை, தேசிய அடையாள அட்டை, முகவரியைக் காட்டும் ஆவணம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழுள்ள மிருக வைத்தியப் பிரிவை விசாரித்துச் செல்லுங்கள். நாய்களின் வம்சாவளிக்கு இலங்கை நாய் வளர்ப்போர் சங்கம் தரும் சான்றிதழ் இந்தப் பதிவுக்கு ஈடாகாது. பெரும் விலை கொடுத்து வாங்கிய நாயானாலும், வீதியிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாயானாலும் சபையின் பதிவு வேண்டும்.

பதிவிலக்கத்தையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் பொறித்த தகடு ஒன்றைக் கழுத்துப் பட்டியில் மாட்டிவிடுங்கள். கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006 ஆம் ஆண்டு அரசின் கொள்கையால் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகக் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் முன்னெடுக்கப்படுகின்றன என்பது உண்மையே. ஆனாலும் பட்டி இல்லாத நாய் வழிதவறினால், அது யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுவதும் நன்று; கைவிடப்படும் குட்டிகளில் பல, வளர்ப்பு நாய்களுக்குப் பிறந்தவையே.

படி 4: தொடர்மாடியில் வசிப்பவராயின், முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் விதிகளை வாசியுங்கள்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வாழும் தமிழர்களுக்கு நடைமுறையில் மிகுதியான சிக்கல் எழுவது இங்கேதான் என்பது என் கருத்து. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடி வீட்டு உடைமைச் சட்டத்தின்படி உங்கள் வீடு மட்டுமே உங்களுக்குத் தனியுரிமை. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வாகனத் தரிப்பிடம், மொட்டைமாடி ஆகியவை வீட்டு உரிமையாளர் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றை நிருவகிப்பது உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். வளர்ப்புப் பிராணிகள் பற்றி அக்கூட்டுத்தாபனத்தின் துணைவிதிகள் என்ன சொல்கின்றன என்பதையும், வாடகைக்கு இருப்பவராயின் வீட்டு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதையும் குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னரே வாசித்துவிடுங்கள். “பரவாயில்லை, வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று வீட்டுக்காரர் வாயால் சொன்னதை நம்பி இருந்துவிட்டு, அவர் வீட்டை விற்ற பிறகு, பழகிய நாயை எங்கே விடுவது என்று கலங்குவதைவிட, அனுமதியை இரண்டு வரியிலாவது எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

படி 5: வெளியே கொண்டுசெல்லும்போது

நாயைக் குறுகிய வாருடன், அதை இழுத்துப் பிடிக்கும் வலிமையுள்ள பெரியவர் ஒருவரே நடத்திச் செல்ல வேண்டும். தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்கத் தவறுவது தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். முன்பு யாரையாவது பாய்ந்து பிடித்த நாய்க்கு வாய்க்கூடு அணிவிக்காமல் வெளியே செல்லாதீர்கள். காலிமுகத்திடல், விகாரமாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம் போன்ற இடங்களில் நுழைவாயிற் பலகையை வாசித்து, காவலரிடம் கேட்ட பின்னரே உள்ளே செல்லுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைக்குச் செல்பவர்கள் கரையோர ரயில் பாதையைக் கடக்க வேண்டியிருப்பதால், அங்கே வாரை ஒரு கணமும் கழற்றக் கூடாது. கழிவை அள்ளப் பை ஒன்றை எப்போதும் எடுத்துச் செல்லுங்கள்.

படி 6: நாய் யாரையாவது கடித்துவிட்டால்

காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, காயப்பட்டவரை உடனே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருதானைக்கு அண்மையிலுள்ள தேசிய வைத்தியசாலையில் இதற்கான சிகிச்சை இலவசம். தடுப்பூசி அட்டையையும் கொண்டு செல்லுங்கள், ஏனெனில் நாய்க்கு ஒழுங்காக ஊசி போடப்பட்டிருக்கிறதா என்பதைக் கொண்டே வைத்தியர் சிகிச்சை முறையைத் தீர்மானிப்பார். நாயைக் கொல்லவோ துரத்தவோ கூடாது. 14 நாட்கள் கட்டிவைத்து அவதானிக்க வேண்டும். அந்நாட்களுக்குள் அது இறந்தால் புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதித்து நோயை உறுதிப்படுத்த முடியும்.

நட்டஈட்டைப் பொறுத்தவரை, இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டப்படி, சாதுவான வளர்ப்பு நாய் காரணமின்றிக் கடித்தால், உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்கப்படாவிட்டாலும் அவர் பொறுப்பேற்க நேரிடும். காயப்பட்டவரே நாயைச் சீண்டியிருந்தால் அது வேறு விடயம்.

படி 7: அயலவர் முறைப்பாடு செய்தால்

இரவுக் குரைப்பும் நாற்றமும் பொலிஸ் வரை போகக்கூடியவை. பொதுத் தொல்லை என்று கருதப்பட்டால், 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் அத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். அந்த நிலைக்குச் செல்ல விடாமல், அயலவரோடு நேரில் பேசுங்கள். பேச்சு சரிவராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்குச் செல்லலாம். இரு தரப்பையும் இருத்திவைத்துக் கேட்பதே அதன் வேலை. போகும்போது தடுப்பூசி அட்டை, பதிவுச் சீட்டு, தொடர்மாடியின் எழுத்து அனுமதி ஆகிய மூன்றின் பிரதிகளையும் எடுத்துச் செல்லுங்கள்.